இரண்டு பக்கமும் தெரிய வேண்டும், தோளும் வலிக்கக் கூடாது

கேள்வி: தஞ்சாவூரில் இருந்தபடி பதிப்பகங்களுக்குப் புத்தக வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்துகொடுக்கிறேன். வயது 52. இப்போது இருப்பது 15.6 அங்குலத் திரையும் 1366 × 768 பிக்சலும் கொண்ட பழைய மடிக்கணினி, எடை 2.3 கிலோ. மாதம் இரண்டு முறை சோழன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், மூன்று நாள் தங்கி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். தோள்வலி தாங்க முடியவில்லை. எடை குறைவாக இருக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் படிக்கும்படி தெரிய வேண்டும். 4கே திரை வாங்கினால் கண்ணுக்கு நல்லது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? சில பதிப்பகங்கள் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புதான் அனுப்புகின்றன.

பதில்: 4கே, அதாவது அகலவாக்கில் ஏறக்குறைய நாலாயிரம் பிக்சல் கொண்ட திரை, வேண்டாம். மடிக்கணினியில் உங்களுக்கு அது செலவு, பயன் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரையின் கூர்மையை மொத்தப் பிக்சல் எண்ணிக்கையால் அளப்பது தவறு. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் என்பதே அளவு. உங்கள் பழைய திரையில் அது சுமார் 100. பத்துப் பாயிண்ட் எழுத்தை அச்சில் வரும் அதே அளவில் அதில் காட்டினால், ஓர் எழுத்துக்குரிய மொத்த உயரம் 14 பிக்சல்தான். மேல்விலங்கு, கீழ்ச்சுழி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து அதில் எப்படியோ பிழைத்துவிடும். தமிழில் புள்ளி ஒரு பிக்சலாகவோ இரண்டு பிக்சலாகவோ சுருங்கி, ககரமா ககர மெய்யா என்று குனிந்து பார்க்க வைக்கும். காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். ‘ணை’, ‘ஞூ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நீங்கள் மெய்ப்புப் பார்க்கும்போது திரையை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டு ஒரு பக்கத்தின் பாதியை மட்டும் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரிய திரை வேண்டும் என்ற ஆசைக்கு அதுதான் வேர். திரை சிறியது என்பதைவிட, எழுத்து தெளிவில்லாததால் பெரிதாக்க வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

சரி, எவ்வளவு கூர்மை போதும்? நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய நுண்ணிய அளவைக் கண் மருத்துவர்கள் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறார்கள். மடிக்கணினியை நாம் பார்க்கும் தூரம் 50 சென்டிமீட்டர் என்றால், அங்குலத்துக்கு 175 பிக்சலில் இந்த எல்லை வந்துவிடுகிறது. மடியில் வைத்து 45 சென்டிமீட்டரில் பார்த்தால் 194. 16 அங்குலத் திரையில் 2560 × 1600 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 189. ஏறக்குறைய எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. அதே பத்துப் பாயிண்ட் எழுத்துக்கு 14க்குப் பதில் 26 பிக்சல் கிடைக்கும். மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரியும். 2880 × 1800 என்றால் 212. நல்லதுதான், கூடுதலாகக் காசு கேட்காவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். 16 அங்குலத்தில் 3840 × 2400, அதாவது கடைக்காரர் சொல்லும் 4கே வகை, 283க்குப் போகிறது. ஐம்பது வயதுக்கு மேல், படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த வேறுபாட்டை நீங்கள் காணப்போவதில்லை. நானும் காண்பதில்லை.

“பிக்சல் கூடினால் திரையில் இடம் கூடுமே” என்று தோன்றலாம். கூடாது. விண்டோஸில் எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. 2560 × 1600 திரையில் அதை 150 சதவீதம் வைத்தால், வேலை செய்யக் கிடைக்கும் இடம் 1707 × 1067 பிக்சல் திரைக்குச் சமம். 4கே திரையில் எழுத்து அதே அளவில் தெரிய வேண்டுமென்றால் 225 சதவீதம் வைத்தாக வேண்டும். அப்போதும் கிடைப்பது அதே 1707 × 1067. இடையில் இரண்டே கால் மடங்கு பிக்சல்களுக்கு ஒளியூட்ட மின்கலம் உழைத்துக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஒன்றை வாங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மின்செருகியைத் தேடி அலைந்திருக்கிறேன்.

இனி திரையின் வடிவம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. உங்களுக்கோ இதுதான் முதல் கேள்வி. உங்கள் பழைய திரை 16க்கு 9 என்ற அகல வடிவம்: 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். இப்போது பரவலாகக் கிடைக்கும் 16க்கு 10 வடிவத்தில் 16 அங்குலத் திரையின் அகலம் அதே 34.5 செ.மீ.தான். உயரம் மட்டும் 21.5 செ.மீ. ஆகிறது. பை அளவு மாறாமல் இரண்டு சென்டிமீட்டர் உயரம் கிடைக்கிறது. டெமி 1/8 என்ற புத்தக அளவில் பக்க உயரம் எவ்வளவு? அதே 21.5 செ.மீ. அகலம் 14, எதிரெதிராக இரண்டு பக்கம் என்றால் 28. ஆக, விரித்த புத்தகம் அச்சில் வரும் அளவிலேயே திரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் கருவிப் பட்டைகளுக்கு ஆறரை சென்டிமீட்டர் மிச்சம் வைக்கிறது. மெனுவும் கீழ்ப்பட்டையும் கொஞ்சம் உயரத்தைத் தின்னும் என்பதால் நடைமுறையில் 90 சதவீத அளவில் பார்ப்பீர்கள். மெய்ப்புக்கு அது தாராளம்.

17 அங்குலம் எடுத்தால் 36.6க்கு 22.9 செ.மீ. கிடைக்கும். கூடுதலாகக் கிடைக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை பையில் தெரியும். எல்ஜி கிராம் வரிசையில் 2021இல் வந்த 16 அங்குல மாதிரியின் எடை 1.19 கிலோ, அதே ஆண்டின் 17 அங்குல மாதிரி 1.35 கிலோ. எடை வேறுபாடு பொருட்டில்லை. அகலம் 38 செ.மீ., ஆழம் 26 செ.மீ. என்பதுதான் தொல்லை. சிறிய மடிக்கணினிப் பையில் அது நுழையாது, ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கையில் இடிக்கும். எனவே என் தேர்வு 16.

எடை விஷயத்தில் விளம்பரத்தில் வரும் ‘முதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். “1.2 கிலோ முதல்” என்றால், இருப்பதிலேயே சிறிய மின்கலமும் லேசான திரையும் போட்ட மாதிரி 1.2 கிலோ; கடையில் உங்கள் கைக்கு வருவது அதுவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்னேற்றியின் எடையும் அதில் சேராது. பழைய மாதிரிச் செங்கல் மின்னேற்றி என்றால் அரைக் கிலோ வரை போகும். யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றும் மடிக்கணினியாகப் பார்த்தால், காலியம் நைட்ரைடு வகை 65 வாட் மின்னேற்றி உள்ளங்கைக்குள் அடங்கும். கைப்பேசிக்கும் அதுவே போதும். எடையைக் குறைக்க இதைவிட மலிவான வழி வேறில்லை.

பெரிய திரையோடு எடை எப்படிக் குறைகிறது? மக்னீசியக் கலவை உடல்தான் பெரும்பாலும் காரணம். அலுமினியத்தைவிட மக்னீசியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லேசானது. ஆனால் தொட்டால் பிளாஸ்டிக் போலிருக்கும், மூடியை அழுத்தினால் சற்று வளையும். “இவ்வளவு விலை கொடுத்து இதுவா” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அலுமினியத்தின் திடம் வேண்டுமென்றால் 15.3 அங்குல மேக்புக் ஏர் 1.51 கிலோ, திரை 2880 × 1864, பார்க்க மிக அழகு, விசிறிச் சத்தமும் இல்லை. இன்னொரு வகையும் உண்டு: 2022இல் ஏசர் 16 அங்குல 4கே ஓலெட் (பிக்சல்கள் தாமே ஒளிரும் வகை) திரையை 1.17 கிலோவுக்குள் அடக்கி ‘ஸ்விஃப்ட் எட்ஜ்’ என்று விற்றது. திறமைதான். அந்த எடைக்குள் வர மின்கலத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

மின்கலத்தைப் பொறுத்தவரை “18 மணி நேரம்” என்ற அறிவிப்பை விட்டுவிட்டு மின்கலம் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று சொல்லும் வாட்-மணி என்ற எண்ணைப் பாருங்கள். பக்க வடிவமைப்பு, மெய்ப்பு போன்ற வேலைக்கு நல்ல மடிக்கணினி 8 முதல் 10 வாட் வரை எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், 80 வாட்-மணி மின்கலம் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சோழனில் தஞ்சாவூரிலிருந்து எழும்பூர் வரை அது போதும். 50 வாட்-மணி என்றால் விழுப்புரத்திலேயே கவலை தொடங்கிவிடும்.

ஓலெட் திரையைக் கடையில் பார்த்தால் மனம் மயங்கும். படம் பார்ப்பதற்கு அதற்கு நிகரில்லை. ஆனால் உங்கள் வேலை நாள் முழுவதும் வெள்ளைத் தாளைப் பார்ப்பது. ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால், வெள்ளைப் பரப்பு கூடினால் மின்செலவும் கூடும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கருவிப் பட்டைகள் நிழலாகப் படிந்துபோகும் அபாயமும் இருக்கிறது. பல ஓலெட் திரைகள் ஒளியைக் குறைக்கும்போது வேகமாக மினுக்கி மினுக்கித்தான் குறைக்கின்றன. சிலருக்கு இதனால் தலைவலி வரும். உங்களுக்குப் பின்னொளியில் இயங்கும் ஐபிஎஸ் வகைத் திரையே ஏற்றது. பளபளப்பில்லாத மேற்பரப்பு கொண்டதாகவும் பாருங்கள். சன்னலோரத்தில் உட்கார்ந்தால் பளபளப்புத் திரையில் டெல்டாவின் வயல்வெளி அழகாகத் தெரியும், பக்கம் தெரியாது. ஒளி அளவு 400 நிட்ஸ் இருந்தால் பகல் வெளிச்சத்தில் சமாளிக்கலாம்.

பேஜ்மேக்கருக்கு வருவோம். உங்கள் தேர்வை உண்மையில் கட்டிப்போடுவது இதுதான். அதன் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. இன்றைய மேக் கணினிகளில் அது ஓடாது. ஆகவே மேக்புக் ஏர் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை. விண்டோஸிலும் ஸ்நாப்டிராகன் சில்லு கொண்டவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் மின்கலம் நன்றாக உழைக்கும். ஆனால் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் சில, டாங்கிள் என்ற உரிமச் சாவியைக் கணினியில் செருகினால்தான் இயங்கும், அந்த டாங்கிளை இயக்கும் டிரைவர் மென்பொருள் இந்தச் சில்லுக்கென்று எழுதப்படாவிட்டால் வேலை செய்யாது. இன்டெல் அல்லது ஏஎம்டி என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூர்மையான திரையில் பேஜ்மேக்கர் இன்னொரு வேடிக்கையும் காட்டும். மெனு எறும்பு அளவில் வரும், அல்லது எல்லாம் மங்கலாகத் தெரியும். அதன் ஐகானில் வலச்சொடுக்கி, ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்து, ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் ‘ஹை டிபிஐ’ அமைப்பை ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்று மாற்றிப் பாருங்கள். 2017 முதல் விண்டோஸில் இந்த வசதி இருக்கிறது. முழுத் தெளிவு வராவிட்டாலும் கண்ணைச் சுருக்காமல் வேலை செய்யலாம்.

நினைவகம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். லேசான மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. வாங்குவதற்கு முன் விசைப்பலகையில் கைவைத்துப் பாருங்கள். 16 அங்குல மாதிரிகள் பலவற்றில் வலப்புறம் எண்பலகை இருப்பதால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். தமிழ்99இல் வேகமாக அடிப்பவர் என்றால், முதல் சில நாள் உடலைத் திருப்பி உட்கார வேண்டியிருக்கும். சிலருக்கு அது பழகுவதே இல்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். மாதத்தில் ஆறு நாள் சென்னை, மற்ற நாள் எல்லாம் வீடு. தோள்வலி பையினால் மட்டும்தானா? மடிக்கணினித் திரை மேசை மட்டத்தில் இருப்பதால் நாள் முழுவதும் தலை குனிந்தே இருக்கிறது. 2.3 கிலோவை 1.2 ஆக்கினாலும் அந்தக் குனிவு குறையாது. வீட்டு மேசையில் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். அங்குலத்துக்கு 163 பிக்சல் வரும். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது போதுமான கூர்மை. கடைக்காரர் சொன்ன 4கே இங்கேதான் பொருந்துகிறது. அப்படிச் செய்தால், பயணத்துக்கு 14 அங்குல மடிக்கணினியே போதும் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். 16 அங்குலத்தில் 1.2 கிலோவுக்குக் கேட்கும் விலையைவிட இரண்டும் சேர்ந்து பெரிதாக அதிகம் ஆகாத நேரங்கள் உண்டு. மூன்று நாள் சென்னை வேலையில் எதிரெதிர்ப் பக்கங்கள் கட்டாயம் என்றால் 16ஐயே வாங்கி, மானிட்டரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் புத்தகக் கோப்பு ஒன்றைப் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் எடுத்துப்போங்கள். படிக்கும் கண்ணாடியையும், வழக்கமாகச் சுமக்கும் பையையும் மறக்க வேண்டாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மலை, அருவிப் படங்களை நிறுத்தச் சொல்லி, உங்கள் பக்கத்தைத் திறந்து, அடிக்குறிப்பில் மெய்யெழுத்துகளின் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மின்னேற்றியோடு சேர்த்துப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு சுற்று நடந்துவிட்டு விலை பேசுங்கள்.