உழிச்சிலுக்குப் பின் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரில் கணினி வரைபட வேலை. கழுத்து, தோள்பட்டை வலிக்காக மாதம் இருமுறை கேரள வைத்தியசாலை ஒன்றில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்கிறேன். எழுந்து வரும்போது உடம்பு பறக்கிறது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது கூடவே மெதுவான அசைவுப் பயிற்சியும் செய்யச் சொல்கிறார்கள், தனிக் கட்டணத்தில். படுத்துக்கொண்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதானே மசாஜின் சுகமே?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கட்டணத்தைப் பற்றிய சந்தேகம் நியாயம்தான். இரண்டு வகுப்பில் கற்றுக்கொண்டு மிச்சத்தை வீட்டில் பாய் விரித்துச் செய்யலாம். ஆனால் அவர்கள் சொல்வது சரி.

கதகளி மாணவர்களுக்கு மழைக்காலத்தில் நடக்கும் உழிச்சில் என்ற எண்ணெய் மசாஜைப் பாருங்கள். விடியும் முன்பே உடல் முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு குதிப்பும் கால் பயிற்சியுமாக வியர்த்து ஒழுகிய பிறகுதான் பையன்கள் தரையில் கவிழ்ந்து படுப்பார்கள். முழங்கால்கள் இருபுறமும் மடங்கி அகன்றிருக்கும். ஆசான் மேலே உள்ள பிடியைப் பற்றிக்கொண்டு, இடுப்பிலும் தொடையிலும் பாதத்தால் அழுத்தித் தேய்ப்பார். சுகமா? உயிர் போகும். 1930-இல் மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கிய கலைப்பள்ளியான கேரள கலாமண்டலத்திலும் இதுதான் மரபு. முழங்காலை அகட்டித் தாழ்ந்து நிற்க இடுப்பு இளகவேண்டும். இளகிய இடுப்பை உடல் தனதாக்கிக்கொள்வது அன்றாடம் செய்யும் அடவுகளால். மிதிபட்டதால் மட்டும் எவனும் கதகளி ஆட்டக்காரன் ஆனதில்லை.

உங்கள் கழுத்தின் கதையும் இதுவே. தசையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது நரம்பு மண்டலம். கை படும்போது அது பிடியைத் தளர்த்துகிறது. மறுநாள் நீங்கள் மோவாயை முன்னே நீட்டி அதே திரை முன் உட்கார்ந்ததும் பழைய உத்தரவு திரும்பி வந்துவிடுகிறது. இடுப்புவலிக்கான மசாஜ் பற்றி 25 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வும், வலி குறைவது கொஞ்ச காலத்துக்கே என்றது. அதற்கான சான்றும் வலுவாக இல்லை என்றது. எண்ணெய் எலும்புவரை இறங்குகிறது என்பதெல்லாம் விளம்பரம்.

தொடுதலையும் அசைவையும் ஒன்றாக யோசித்தவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984). இயற்பியலாளர், ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர், தன் முழங்கால் கெட்டதால் அசைவை ஆராயப் புகுந்தவர். அவர் முறையில் ஆசிரியர் கையால் தொட்டு நடத்தும் பாடம் ஒன்று. சொல்லச் சொல்லக் கேட்டு நாமே மெல்ல அசையும் பாடம் இன்னொன்று. வந்தவர்களை அவர் மாணவர்களாகவே நடத்தினார்.

அந்த வகையில் ஒன்று சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையை வலப்பக்கம், வலிக்காத அளவுக்குத் திருப்புங்கள். மூக்கு சுவரில் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். இனி தலை வலப்பக்கம் போகும்போது கண்கள் இடப்பக்கம் போகட்டும். ஏழெட்டு தடவை, ஆமை வேகத்தில். பல்லைக் கடிக்கிறீர்களா, மூச்சைப் பிடிக்கிறீர்களா, எந்தத் தோள் காதை நோக்கி ஏறுகிறது என்று கவனியுங்கள். கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு, கண்ணும் தலையும் சேர்ந்துபோக வழக்கம்போலத் திருப்புங்கள். பெரும்பாலும் மூக்கு முதலில் குறித்த இடத்தைத் தாண்டிப் போகும். யாரும் எதையும் இழுக்கவில்லை. கவனத்தோடு அசைத்தீர்கள், அவ்வளவுதான். மசாஜ் முடிந்த அன்று மாலையே செய்தால் இன்னும் நல்லது, உடம்பு அப்போது இளகியிருக்கும்.

தலைசுற்றல், கை மரத்துப்போதல், பிடி தளர்தல் இருந்தால் இதெல்லாம் பிறகு, முதலில் மருத்துவர். இன்னொன்று: சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடக்கெடுப்பார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.