பழைய பாணி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு, மான் வேட்டையில் எந்தத் தோட்டா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாவைப் போட்டுச் சுடும் வின்செஸ்டர் 1885 மாதிரியின் நகல் ஒன்றை வாங்கப் போகிறாராம். 45-70, 38-55, 30-30 ஆகிய மூன்றில் எந்தத் தோட்டாவுக்கான குழலோடு வாங்கலாம் என்பது அவர் கேள்வி. நானும் அதே மாநிலத்தில், அதே வகைத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு மான் பருவங்களாகக் குளிரில் உட்கார்ந்து வருகிறேன். இந்த ஆறு ஆண்டுகளில் சுட்ட மான்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். செய்த தவறுகளுக்கு இரண்டு கையும் போதாது.

ஊரிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிக்கும் முன் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் சோள வயலை மேய்வதும் ஓடும் காரில் வந்து மோதுவதும் சாதாரணம். மாநில அரசே உரிமம் கொடுத்து, ஆளுக்கு இத்தனை என்று வரம்பு கட்டி, சுட அனுமதிக்கிறது.

முதலில் 30-30ஐக் கழித்துவிடுங்கள். தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. 1895 இல் வந்தது. புகையில்லா வெடிமருந்துக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் அமெரிக்க வேட்டைத் தோட்டா அதுதான். ஆனால் வெடிமருந்தை அடக்கும் அதன் பித்தளைக் கூடு கழுத்தில் ஒடுங்கும். ஒஹாயோவின் மான் துப்பாக்கிப் பருவத்தில், ரைபிள் என்றால் நேர்ச்சுவர்க் கூடுள்ள தோட்டா மட்டுமே செல்லும். 2014 வரை அந்தச் சலுகையும் கிடையாது. நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்திருந்தால் 30-30 தான் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். 30-30ஐ வழக்கமாகப் போடும் லீவர் துப்பாக்கியின் குழாய்க் கிடங்கில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் அடிப்பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும்; கூர்மூக்கு என்றால் அதை வெடிக்கவைத்துவிடலாம். அதனால் மூக்கு மழுங்கிய அல்லது நுனி மெத்தென்ற குண்டுகளையே போட வேண்டும். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் அந்தத் தொல்லை இல்லை, கூர்மூக்குக் குண்டையும் போடலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி தலைகீழாக மாறும். மிசிசிப்பியில் பழங்கால ஆயுதங்களுக்கென்றே தனிப் பருவம் உண்டு. அங்கே 35 காலிபரோ (குழல் விட்டம் 0.35 அங்குலம்) அதற்கு மேலோ உள்ள, குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) வெளியே தெரியும் ஒற்றைத் துப்பாக்கி செல்லும். ஆண்டுதோறும் வரும் விதிப் புத்தகத்தைப் படித்த பிறகே கடைக்குப் போங்கள்.

மீதி இருப்பவை இரண்டு. நான் வாங்கியது 45-70. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் 45 பங்கு விட்டம், 70 கிரெயின் (தோட்டாக்காரர்களின் சிறு எடை அலகு) கருமருந்து, அதாவது பழைய புகை கக்கும் வெடிமருந்து. 1873 இல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்ட் 'டிராப்டோர்' என்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்காக ஏற்றுக்கொண்டது. குண்டு 405 கிரெயின் ஈயம்; ஏறக்குறைய 26 கிராம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், இதை மானுக்கா போடுவது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தோன்றியதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன்: கடையில் இருந்ததிலேயே வேகமான, பெட்டியின் மேல் கரடி படம் போட்ட தோட்டாவை வாங்கினேன்.

பயிற்சித் திடலில் ஆறாவது தோட்டாவோடு என் வலது தோளில் நாவற்பழ நிறம் ஏறிவிட்டது. பழைய பாணித் துப்பாக்கியின் அடிக்கட்டையில் பிறை போல வளைந்த இரும்புத் தகடு இருக்கும். பார்க்க அழகு, தோளில் பதியும்போது கொம்பால் குத்துவது போல இருக்கும். அதைவிடக் கெட்டது பின்னால் வந்தது. விசையைத் தொடும் முன்பே கண் மூடிக்கொள்ளத் தொடங்கியது. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதைக் கவனித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் வெறும் கூட்டை உள்ளே வைத்துத் துப்பாக்கியை நீட்டினார். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை; ஆனால் அடி விழுமே என்ற பயத்தில் குழல் முனை ஒரு சாண் கீழே குதித்தது. அவர் சிரிக்கவில்லை. தன் பெட்டியிலிருந்து மென்மையான வார்ப்பு ஈயக் குண்டு போட்ட தோட்டாக்கள் ஐந்தை எடுத்து வைத்துவிட்டு, தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஐந்துதான் உங்கள் கேள்விக்கான பதில். அதே 405 கிரெயின், வேகம் மட்டும் நொடிக்கு 1,300 அடியைச் சுற்றி. அதாவது 1870களின் ராணுவத் தோட்டாவின் வேகம். மானுக்கு அது போதும், தாராளமாகவே போதும். குண்டு உள்ளே போய் மலர (நசுங்கி விரிய) வேண்டிய அவசியமே இல்லை. சிறு தோட்டாக்கள் மலர்ந்து எட்டும் அகலம் இதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். வேகம் குறைவு என்பதால் சுற்றியுள்ள இறைச்சி இரத்தம் கட்டிக் கூழாகிப் பாழாவதில்லை. வேகத் தோட்டாவால் முன்தொடையே வீணான ஒரு மானை நண்பரோடு சேர்ந்து அறுத்திருக்கிறேன். வீட்டில் மிளகு வறுத்து அரைத்துக் காத்திருந்தவர்களிடம் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மென்மையான தோட்டாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது உடம்பைக் காப்பது. 45-70க்கு வரையறுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. பழைய 'டிராப்டோர்' தாங்கும் அளவு என்று அப்படி வைத்தார்கள். ஆனால் புது எஃகுத் துப்பாக்கிகளுக்காக அதைத் தாண்டிய தோட்டாக்களும் அதே பெயரில் விற்கின்றன. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அதே அறைக்குள் அவை சுலபமாக நுழைந்தும் விடும். நீங்கள் வாங்குவது புதிதாகச் செய்த நகல் என்றால் உற்பத்தியாளரின் கையேட்டைப் பாருங்கள். ஏலத்தில் அசல் கிழத்துப்பாக்கி கிடைத்துவிட்டால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சோதித்துச் சொல்லும் வரை அதற்குள் எதையும் போடாதீர்கள்.

இனி தூரம். என் முதல் பருவத்தில், அறுத்த சோள வயலின் மறுகரையில் ஒரு கொம்புள்ள ஆண் மான் நின்றது. கண் மதிப்பில் 100 கெஜம் என்று நினைத்து, நெஞ்சுக்கு நடுவே குறிவைத்துச் சுட்டேன். மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போனது. இரத்தம் இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு சொட்டும் இல்லை. அது நின்ற இடத்துக்குச் சற்று அப்பால், கதிர்த்தாள்களுக்கு நடுவே மண்ணில் ஒரு கோடு கிழிந்திருந்தது. அளந்தால் 170 கெஜம். குண்டு வயிற்றுக்குக் கீழே போயிருக்கிறது.

பிறகுதான் அட்டை நட்டுச் சுட்டுப் பார்த்தேன். 100 கெஜத்தில் குறியைச் சரியாக வைத்தால், 120 கெஜத்தில் குண்டு மூன்று அங்குலம் இறங்கும். 150இல் எட்டோ ஒன்பதோ அங்குலம். 200இல் சுமார் இரண்டு அடி! 30-06 என்ற வேகமான தோட்டா அதே 200இல் நான்கு அங்குலத்தைச் சுற்றித்தான் இறங்கும். வெள்ளைவால் மானின் நெஞ்சில் குறிவைக்க வேண்டிய பகுதி எட்டு அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், என் எல்லை 120 கெஜம். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு தெரிந்தாலும் குதிரையைப் பின்னிழுப்பதில்லை.

அடுத்த ஆண்டு, நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த வாரம், தென்கிழக்கு ஒஹாயோவின் குன்றுகளில் ஒரு ஓக் மரத்தடி. பெண் மான் ஒன்று சருகை முகர்ந்தபடி சரிவில் இறங்கி வந்தது. இடது கை விரலிடுக்கில் இரண்டாவது தோட்டாவைச் செருகி வைத்திருந்தேன்; ஒற்றைத் துப்பாக்கிக்காரர்களின் பழக்கம் அது. அதற்கு வேலை வரவில்லை. சுட்டதும் மான் நாற்பது தப்படி ஓடி விழுந்தது. சுடும்போது அது நின்ற இடத்துக்கு நடந்து எண்ணினேன், 70 கெஜம். லீவரை இறக்கியதும் பித்தளைக் கூடு சருகுக்குள் எகிறிவிட்டது. மறுபடி நிரப்பலாமே என்று கையுறையைக் கழற்றிவிட்டு, மானிடம் போகும் முன் அதைத்தான் தேடினேன்.

38-55 பற்றி. மனதைத் திறந்து சொன்னால், இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் எனக்கு அதன்மேல்தான் ஆசை. பல்லார்டு என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளோடு இலக்குப் போட்டிகளுக்கு வந்த தோட்டா. 255 கிரெயின் குண்டு, தோளுக்கு இதம், 100 கெஜத்துக்குள் மானுக்குத் தாராளம். சிக்கல் இரண்டு. குழலின் உள்விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மென்மையான ஈய உருண்டையை உள்ளே தட்டித் தள்ளி அளந்து, அதற்கேற்ற குண்டைத் தேட வேண்டும். இரண்டாவது, என் பக்கத்துக் கடைகளில் 45-70 அலமாரியில் எப்போதும் இருக்கிறது, 38-55 கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் 38-55. இல்லையென்றால் 45-70, அதுவும் கரடி படம் போடாத பெட்டி.