குமணவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? வேனை விடுங்கள், விடியலைப் பிடியுங்கள்

கேள்வி: ஜூன் மாதத்தில் கல்முனையில் இருந்து குமண தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் பயணம் போக யோசிக்கிறோம். பெரியவர்கள் நான்கு பேர். மாமிக்கு 68 வயது, முதுகுவலி உண்டு. 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். எங்கள் வேனிலேயே உள்ளே போகலாமா? சிங்கராஜ போலக் காட்டுக்குள் நடந்து பார்க்க முடியுமா? வரும்போது உகந்தைக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

பதில்: வேனில் உள்ளே போகும் எண்ணத்தை முதலில் விடுங்கள். பூங்காவுக்குள் இருப்பது மணலும் பள்ளமுமான வண்டித்தடம். வெயில் காலத்தில் சில்லு மணலில் புதையும், மழை பெய்தால் சேற்றில் சுற்றும். உயரம் குறைந்த வேனின் அடிப்பாகம் தடத்தின் நடுமேட்டில் தட்டும். நின்றுபோனால் இறங்கித் தள்ளவும் ஏலாது. அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. வேனை அறுகம்பேயில் நிறுத்திவிட்டு அங்கிருந்து ஃபோர் வீல் ஜீப் பிடியுங்கள். உங்கள் ஆறு பேருக்கும் ஒரு ஜீப் போதும்.

வாடகையை முதல்நாளே பேசி முடியுங்கள். தலைக்கு இவ்வளவா, வண்டிக்கு இவ்வளவா, நுழைவுக் கட்டணம் அதில் அடங்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். வாசலில் ஆளுக்கான டிக்கெட் மட்டுமல்ல, வண்டிக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேரும். அடையாள அட்டைகளைக் கையோடு வைத்திருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்திருக்கும் உறவினர் யாரும் கூட வந்தால் அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் ஜீப்பில் ஏறுவார். அவருக்கு ஓர் இருக்கை ஒதுக்குங்கள்.

மாமியைச் சாரதிக்குப் பக்கத்திலோ, அதற்கு அடுத்த வரிசையிலோ இருத்துங்கள். கடைசி வரிசை பின்சில்லுக்கு மேலே இருப்பதால் ஒவ்வொரு குழிக்கும் ஆளைத் தூக்கிப் போடும். பிள்ளைகள் அடம்பிடிப்பதும் அந்த இருக்கைக்குத்தான்! ஒரு தலையணை கொண்டுபோங்கள். மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சாரதிக்குத் தெரியும், இருந்தாலும் நீங்களும் ஒருமுறை சொல்லி வையுங்கள். முழுநாள் வேண்டாம், காலை அரைநாள் போதும்.

பூங்கா வாசல் இருக்கும் உகந்தை, கல்முனையில் இருந்து சுமார் 100 கிலோமீற்றர். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு அங்கே நிற்பதற்காகக் கோமாரிப் பக்கமும் பாணமைக்கு அப்பாலும் இருட்டில் ஓடுவது யானைக்கு முன்னால் போய் நிற்பதற்கான வழி. முதல்நாள் இரவு பொத்துவிலில் அல்லது அறுகம்பேயில் தங்குங்கள். அதைத் தவிர்த்து விடியப் புறப்பட்டால், நீங்கள் உள்ளே நுழையும்போது ஒன்பது தாண்டிவிடும். மிருகங்கள் நிழலுக்குள் போயிருக்கும். தண்ணீருக்கு மேல் வெக்கை அலையடித்து, தொலைநோக்கியில் எல்லாம் கலங்கித் தெரியும்.

சிங்கராஜவோடு இதை ஒப்பிட வேண்டாம். அது தென்மேற்கின் ஈரவலய மழைக்காடு, வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் இடம். இது உலர்வலயம், வாடைக்காற்றோடு வரும் மாரி மழையை நம்பி இருக்கும் காடு. பாலை, வீரை, முட்புதர், இடையிடையே புல்வெளி, களப்பு, மணல்மேடு, குமுக்கன் ஆற்றங்கரையில் பெரிய மருத மரங்கள். நடக்க முடியாது. ஆனால் வெளி திறந்து கிடப்பதால் யானையோ மானோ தூரத்திலேயே கண்ணில் படும். ஜூனில் பாலைப்பழக் காலம். கரடி மரமேறுவதும் இந்த நாட்களில்தான், கண்டால் அதிர்ஷ்டம். சிறுத்தையும் உண்டு. அதைத் தேடிக் காலை முழுவதும் ஓட வேண்டாம் என்று சாரதியிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மிஞ்சுவது தூசிதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது குமண வில்லு. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் சதுப்பு. குமுக்கன் ஆற்றில் இருந்து ஒரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வரும். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. பூங்கா 1970இல் யால கிழக்கு என்ற பெயரில் உருவாகி, 2006இல் இன்றைய பெயரைப் பெற்றது. மே முதல் ஜூலை வரை கூடுகட்டும் காலம் என்பதால் நீங்கள் தெரிந்தெடுத்த மாதம் சரியானது. தண்ணீருக்குள் நிற்கும் கிண்ணை மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கொக்கு, நீர்க்காகம் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். கீழே தண்ணீர் நிற்பதால் நரி கூட்டை எட்டுவது கடினம்.

அங்கே எஞ்சினை நிறுத்தச் சொல்லி அரை மணி நேரமாவது இருங்கள். மஞ்சள்மூக்கு நாரைகளில் பெரியவை அநேகமாகச் சத்தம் போடாது, அலகைத்தான் தட்டும், கத்துவதெல்லாம் குஞ்சுகள். வெயில் ஏற ஏற, தாயோ தகப்பனோ கூட்டின் மேல் சிறகை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரணத் தொலைநோக்கி போதும்.

யானை தடத்தில் நின்றால் ஹோன் அடிக்காமல் பின்வாங்கி வழிவிட வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி போகவே கூடாது. ஆற்றங்கரையில் இறங்க அனுமதித்தாலும் கை கால் கழுவத் தண்ணீர் ஓரம் போகாதீர்கள், முதலை உண்டு.

பாணமைக்குப் பிறகு கடையை நம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள், பொலித்தீன் வேண்டாம். உகந்தை முருகன் கோயிலுக்கும் போவதாக இருந்தால் மரக்கறிச் சாப்பாடாகவே இருக்கட்டும். வாசலிலேயே எல்லோரும் கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள்.

கடலைப் பொறுத்தவரை, பாசிக்குடாவை மனதில் வைத்து இறங்காதீர்கள். அங்கே குடாவும் கடலடிப் பாறைப் பாரும் அலையைத் தடுக்கும், ஆழமும் குறைவு. உகந்தை திறந்த கடல். நம் பக்கக் கடல் அமைதியாகக் கிடக்கும் அதே மாதங்களில்தான் தெற்கிலிருந்து வரும் பேரலை அறுகம்பேயையும் உகந்தையையும் அடிக்கும். அலைச்சறுக்குக்காரர் வருவதும் அதற்காகவே. பிள்ளைகள் மணலில் விளையாடட்டும், கால் நனைக்க வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

நாள் குறிப்பதற்கு முன் கதிர்காமக் கொடியேற்றம் எப்போது என்று பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் பாத யாத்திரைக்காக உகந்தைக் காட்டுவழி திறக்கப்படும். வாசலிலும் தடத்திலும் சனம் நிறைந்திருக்கும். அந்த நாட்களுக்கு முன்னதாக ஒரு வாரநாளில் போனால் வில்லு உங்களுக்கு ஆறுதலாகக் கிடைக்கும்.