தரவுத்தள லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது: கேள்வி பதில்

கேள்வி: பயனர் தரும் மதிப்புகளை வினவலோடு (தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் கட்டளையோடு) ஒட்டாமல், கேள்விக்குறி இட்டுத் தனியாகவே கொடுக்கிறேன். அப்படியும் எஸ்க்யூஎல் ஊடுருவல், அதாவது மதிப்புக்குள் ஒளித்த கட்டளை தரவுத்தளத்தில் ஓடுவது, நிகழுமா?

பதில்: நீங்கள் செய்வது சரியான முறை. ஆனால் கேள்விக்குறியை நிரப்பும் லைப்ரரியே தவறினால் அந்தக் கவனம் பயன்படாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ஜாவா இயக்கியில் (ஜாவா நிரலை அதனோடு இணைக்கும் லைப்ரரியில்) 2024 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2024-1597 என்ற ஓட்டை இதற்குச் சான்று; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண். வினவலில் கழித்தல் குறியை ஒட்டி ‘-?’ என ஓர் எண்ணும், அதே வரியில் அதன் பின்னே ஒரு சரமும் (எழுத்துத் தொடரும்) வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிய வினவல் முறையில் இயக்கியே மதிப்புகளை உரையாக எழுதிச் சேர்க்கும். எண் -1 என வந்தால் அந்த இடம் ‘--1’ ஆகிவிடும். இரட்டைக் கழித்தல் குறி எஸ்க்யூஎல்லில் தரவுத்தளம் படிக்காமல் விடும் குறிப்புரையின் தொடக்கம் என்பதால், சரத்தைத் திறக்கும் மேற்கோள் குறி உட்பட அவ்வரியின் மீதி முழுவதும் மறைந்துவிடுகிறது. சரத்துக்குள் ஒரு புதுவரியை வைத்து அனுப்பியவர் அதற்குப் பின் எழுதியது கட்டளையாகவே ஓடும். இயல்பாக அமைந்திருக்கும் முறையில் மதிப்புகள் தனியே செல்வதால் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: முன்னால் கழித்தல் குறி இருக்கிறதா என்று பார்த்துத் தடுத்தால் போதாதா?

பதில்: போதாது என்பேன். அது கண்ணில் பட்ட ஒரு வழியை மட்டுமே அடைக்கும். இயக்கியின் 42.7.2 பதிப்பில் மதிப்பை அடைப்புக்குறிக்குள் இட்டு எழுதினார்கள்; அதனால் மதிப்பின் முதல் எழுத்து பக்கத்து எழுத்தோடு சேர்ந்து வேறு பொருள் தரும் வாய்ப்பே போயிற்று. திருத்தும் முன்பே, தோல்வியடையும் சோதனை ஒன்றை எழுதிவிடுங்கள். முழு எண்ணோடு நிற்காமல் தசம எண்களுக்கும் அதை எழுதுவது அவசியம்.

கேள்வி: பல ஆண்டுகள் ஓடித் தேர்ந்த பழைய குறியீட்டையும் தோண்ட வேண்டுமா?

பதில்: கட்டாயம். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியில் 2022இல் சரிசெய்யப்பட்ட சிவிஇ-2022-35737, 2000ஆம் ஆண்டிலிருந்தே இருந்த பிழை. உரையை வடிவமைக்கும் செயற்கூறுக்கு இரண்டு ஜிகாபைட் அளவிலான சரம் வந்தால், நீளத்தைக் கணக்கிடும் 32 பிட் எண் நிரம்பி வழிந்து, நினைவகத்தில் எல்லை மீறி எழுத நேரும். குறியீடு மாறவில்லை; ஆனால் அவ்வளவு பெரிய சரத்தைத் தாங்கும் 64 பிட் கணினிகள் பரவலாகிவிட்டன.

கேள்வி: பழைய பதிப்பிலேயே தங்கிவிட்ட பயனர்களை என்ன செய்வது?

பதில்: அவர்களைக் கைவிடக் கூடாது. ஜாவா இயக்கியின் திருத்தம் 42.6.1, 42.5.5 என முந்தைய வரிசைகளுக்கும் சென்றது. பாதுகாப்புத் திருத்தத்தோடு குறியீட்டுச் சீரமைப்பைக் கலக்காமல் இருந்தால்தான் இப்படிப் பின்கொண்டு செல்வது எளிதாகும்.

கேள்வி: ஓட்டையை எப்போது அறிவிக்கலாம்?

பதில்: திருத்தப்பட்ட பதிப்பு வெளியாகும் அதே நாளில். திருத்தம் பொதுக் களஞ்சியத்தில் ஏறியதும், இரு பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஓட்டையைக் கண்டுகொள்வார். அறிவிப்பு தாமதமாகும் ஒவ்வொரு நாளும், அதை அறியாமல் பழைய பதிப்பை ஓட்டுபவர்கள்தான் தாக்குதலுக்கு ஆளாகிறார்கள்.