வண்டி நகராத நேரமும் கணக்குதான்

கேள்வி: எங்கள் ஓனரிடம் பதினாலு லாரி, இருபதுக்கு மேல் டிரைவர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு லோடுக்கு வரச் சொல்வார். ஏற்றி, எடை போட்டு, தார்ப்பாய் கட்டிக் கிளம்ப ராத்திரி எட்டு ஆகிவிடும். விடிவதற்குள் சென்னை குடோனில் இருக்க வேண்டும். கேட்டால் "பகலெல்லாம் சும்மாதானே இருந்தாய், ஓட்டுவது எட்டு மணி நேரம், சட்டமும் எட்டு மணி நேரம்தானே" என்கிறார். சரியா? (பெயர் வேண்டாம், சங்ககிரி)

பதில்: சரியில்லை. இதை உங்கள் ஓனரும் படிக்க வேண்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊரில் லாரி டிரைவர் வேலை நேரத்துக்கு 2025 நவம்பர் வரை அடிப்படையாக இருந்தது 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ம் பிரிவும் அதைத்தான் கைகாட்டுகிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஏழு நாளில் ஒரு நாள் விடுமுறை. ஆனால் அந்த 8 மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கிற நேரம் மட்டும் இல்லை. லோடு ஏற்றுவது, இறக்குவது, வண்டியைப் பார்த்துச் சரிசெய்வது, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது எல்லாமே வேலை நேரத்தில் சேரும். சும்மா காத்திருக்கிற நேரம் கால் மணிக்கு மேல் போனால் இந்த 8-ல் சேராது, அந்த மட்டுக்கு ஓனர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அவர் விட்டுவிட்டது வேறு ஒன்று. டியூட்டி தொடங்கியதிலிருந்து முடியும் வரை, ஓய்வையும் சேர்த்து, மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். பன்னிரண்டு மணிக்கு டியூட்டிக்கு வந்தீர்கள், அப்படியானால் நள்ளிரவு பன்னிரண்டுக்கு உங்கள் நாள் முடிந்தது. எட்டு மணிக்குக் கிளம்பிய லோடு வண்டி சேலம், ஆத்தூர், சின்னசேலம் தாண்டி உளுந்தூர்பேட்டை பக்கம் போயிருக்கும், அங்கேயே ஓரம் கட்டிப் படுக்க வேண்டியதுதான். அதற்கப்புறம் தொடர்ந்து 9 மணி நேரம் ஓய்வு, அதாவது மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் சாவியைத் தொடலாம். இடையிலும் 5 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை கூடாது, குறைந்தது அரை மணி நேரம் இறங்கி இருக்க வேண்டும். தூர டிரிப்புக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம், அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வழியில் பிரேக்டவுன், ரோடு அடைப்பு என்றால் விதிவிலக்கு உண்டு. பார்ட்டி அவசரப்படுத்துவது அதில் வராது.

2025 நவம்பரில் இந்த 1961 சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 8 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பவை அதிலும் அப்படியே இருக்கின்றன. எத்தனை மணிக்கு ஒரு ஓய்வு, மொத்தம் எத்தனை மணிக்குள் என்பதை அரசு அறிவிக்கும் என்று வைத்திருக்கிறார்கள், மேலே நான் போட்ட 5, 9, 12 மணிக் கணக்கு 1961 சட்டத்தினுடையது.

வாயால் சண்டை போடாதீர்கள், ஆதாரம் சேருங்கள். எடை மேடைச் சீட்டில் நேரம் அச்சாகிறது, ஒவ்வொரு டோல்கேட்டையும் தாண்டிய நேரம் பாஸ்டேக் கணக்கில் இருக்கிறது. அதோடு ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், ஏற்றி முடித்த நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஐரோப்பாவில் லாரிக்குள்ளேயே டாக்கோகிராஃப் என்ற கருவி இதையெல்லாம் பதிந்துவிடும், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். நமக்கு நோட்டுதான். நாலைந்து டிரைவர்கள் சேர்ந்து ஓனரிடம் காட்டுங்கள், மசியவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை போகிறார். திரும்பும்போது தருமபுரி வந்ததும் போன் பண்ணுவார், தூக்கம் சொக்குகிறது என்பார். படுத்துவிட்டு வாங்க என்றால் கேட்பதில்லை. (வாசகி, ஓமலூர்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தருமபுரிக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது, சேலம் நோக்கி வரும்போது முழுக்க இறக்கம். எத்தனை லாரி அங்கே கட்டுப்பாடு இழந்திருக்கிறது என்று ஓமலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினேழு மணி நேரம் தூங்காமல் இருக்கிறவருடைய நிதானம், ரத்தத்தில் நூறு மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு விடுகிற அளவே முப்பதுதான். குடித்துவிட்டு ஓட்டவே மாட்டேன் என்று பெருமையாகச் சொல்கிற நல்ல மனிதர்கள், தூக்கத்தோடு அதைவிட மோசமான நிலையில் ஓட்டுகிறார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் சொருகினால் வண்டி ஐம்பது மீட்டர் தானாகப் போயிருக்கும். ராத்திரி இரண்டு முதல் ஐந்து வரை உடம்பே தூக்கம் கேட்கிற நேரம், மூஞ்சியில் தண்ணீர் அடிப்பதும் பீடியும் அதை ஜெயிக்காது. டீ குடித்தாலும் அது வேலை செய்ய இருபது நிமிடம் ஆகும். அதனால் டீயைக் குடித்த கையோடு வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான், முழுத் தூக்கத்துக்கு ஈடில்லை.

"இன்னும் கொஞ்சம் தூரம்தானே, வீட்டுக்கே வந்துவிடுகிறேன்" என்பார். அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம்தான் கணவாய். நீங்களும் சோறு ஆறுகிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று போனில் சொல்லிவிடாதீர்கள். காலையில் வாங்க, இட்லி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அப்புறம், அவர் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறுகிறவராக இருந்தால் டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள், எவ்வளவு தூங்கினாலும் பகலில் சொக்க வைக்கிற நோய் அது.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காபி மூட்டை இறக்குகிறேன், நாளுக்கு மூன்று நடை. ஒரு நடை ஒரு மணி நேரம்தான், எனக்கும் இந்த ஓய்வு விதி உண்டா? (டெம்போ டிரைவர், ஏற்காடு)

பதில்: நடை சின்னது என்றாலும் நேரம் கூடிக்கொண்டேதான் போகும். மூட்டை ஏற்றுவதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆவதற்குள் அரை மணி உட்கார்ந்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் கையும் காலும் படுகிற பாடு நேர் ரோட்டில் இல்லை. ஏறின கியரிலேயே இறங்குங்கள், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே விடாதீர்கள். கீழே வந்ததும் பிரேக் வாடை அடித்தால் அடுத்த நடையை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.