அம்ஹாரிக்கா, தாய்லாந்து மொழியா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழும் ஆங்கிலமும் தவிர எனக்கு வேறு மொழி தெரியாது. வேலைக்காக இல்லை, ஆர்வத்துக்காக மட்டும் ஒரு புது மொழி கற்க ஆசை. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக், தாய்லாந்து மொழி இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் இரண்டுக்கும் ஒரே கணக்காக 1100 வகுப்பு மணி நேரம் சொல்கிறது. தமிழருக்கும் இது பொருந்துமா? எது எங்கே இடறும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அது ஆங்கிலத்தில் பேசி வளர்ந்தவர்களுக்குப் போட்ட கணக்கு. நமக்குப் பொருந்தாது. ஒன்றுதான் என்றால் அம்ஹாரிக்கை எடுங்கள் என்பேன்.

காரணம் வாக்கிய அமைப்பு. எத்தியோப்பியக் குழந்தைகள் படிக்கும் பால பாட வாக்கியம் ஒன்று: ‘அபெபெ பெஸோ பெல்லா.’ அபெபெ என்பவன் பெஸோ, அதாவது வறுத்த வாற்கோதுமை மாவு, சாப்பிட்டான். சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான். (அம்ஹாரிக் சொற்களில் நான் ப என்று எழுதுவதையெல்லாம் ‘கம்பு’வில் வரும் ஒலியாகப் படியுங்கள்.) ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. ‘யெமெத்தாவ் ஸெவ்’ என்றால் வந்த ஆள். நம் பெயரெச்சம் போலவே வினை முன்னால், பெயர் பின்னால். ‘பெல்தோ ஹேதெ’ என்றால் சாப்பிட்டுப் போனான், அசல் வினையெச்சம். ‘எமெத்தல்லெஹு பிலோ ஹேதெ’: வருகிறேன் என்று சொல்லிப் போனான். நம் ‘என்று’, சொல்லுதல் என்ற பொருளுள்ள ‘என்’ வினையின் எச்சம். அவர்களுடைய ‘பிலோ’வும் சொல் என்ற வினையின் எச்சம்தான். அரபு, ஹீப்ரு மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி இப்படி ஆனதற்கு அக்கம்பக்கத்துக் குஷிட்டிக் மொழிகளின் தாக்கமே காரணம் என்பது மொழியியலாளர்களிடம் பரவலாக உள்ள கருத்து. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் போராடும் இந்த இடத்தை நீங்கள் சில வாரங்களில் தாண்டிவிடலாம்.

இடறுவது வினைச்சொல்லின் உள்ளே. ஸ்-ப்-ர் என்ற மூன்று மெய்கள் ‘உடை’ என்ற பொருளைத் தாங்குகின்றன. ஸெப்பெரெ – உடைத்தான். யிஸெப்ரல் – உடைக்கிறான், உடைப்பான். தெஸெப்பெரெ – உடைபட்டது. அல்ஸெப்பெரெம் – உடைக்கவில்லை. எதிர்மறை முன்னும் பின்னும் ஒட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு வினையையும் செய்தான், செய்கிறான், செய்து என்று மூன்று வடிவில் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். அகராதியில் வினையைத் தேட வேண்டியது ‘செய்தான்’ வடிவில்தான். முன்னொட்டைக் கழற்றத் தெரியாமல் தேடுபவர்களுக்குப் பாதிச் சொற்கள் அகப்படாது.

எழுத்து 33 வரிசை, வரிசைக்கு 7 வடிவம், ஆக 231. உயிர்மெய் பழகியவருக்கு இது பயமுறுத்தும் எண்ணே இல்லை. நாளுக்கு மூன்று வரிசை என்றால் 11 நாள். இரண்டு பொறிகள் மட்டும் உண்டு. ஆறாம் வடிவம் தனி மெய்யாகவும் இருக்கலாம், குறுகிய ஓர் உயிரோடும் ஒலிக்கலாம், புள்ளி கிடையாது. அடுத்து, ஒற்று இரட்டிப்பதை எழுதுவதே இல்லை. ‘அலெ’ (சொன்னான்), ‘அல்லெ’ (இருக்கிறான்) இரண்டும் தாளில் ஒன்றேதான். படு, பட்டு என்று வளர்ந்த காதுக்கு வித்தியாசம் உடனே கேட்கும்; கண்ணுக்குத்தான் தெரியாது. ஒலிப்பதிவு இல்லாத பாடப்புத்தகத்தை வாங்காதீர்கள். இரட்டிக்கும் எழுத்தின் மேல் நீங்களே பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வாயில் வரவேண்டியது வெடித்தெழும் க, த, ச வகை ஒலிகள். கனமானதைத் தூக்கும்போது மூச்சை அடக்குவது போலத் தொண்டையை மூடி, மூச்சை விடாமலே ‘க்’ என்று தெறிக்க விட வேண்டும். தொண்டை திறந்தால் சாதாரணக் ககரம் ஆகிவிடும்.

தாய்லாந்து மொழியில் கதை தலைகீழ். இலக்கணம் என்று பயப்பட ஏதுமில்லை: வினை திரியாது, பால் எண் விகுதி இல்லை. ‘வந்த ஆள்’ அங்கே ‘ஆள்-எந்த-வந்த’ என்று திரும்பிக்கொள்ளும். எண்ணும்போது பொருளுக்கேற்ற அலகுச்சொல் வேண்டும். மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. அவ்வளவுதான்.

எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாகப் போனது. அதனால்தான் நம் கெ, கை போல உயிர்க்குறி முன்னால் நிற்பதும், கொ போல இருபுறமும் நிற்பதும் அங்கும் உண்டு. ஆனால் 44 மெய்யெழுத்துகளுக்கு 21 ஒலிகளே. மிச்சத்தில் பல, வடமொழி, பாலிச் சொற்களின் எழுத்துக்கூட்டலைக் காக்க வைத்திருப்பவை. ஆஹாரம் அங்கே ஆஹான். எழுத்தில் கடைசியில் ர-தான், வாயில் ன.

உண்மையான மலை ஐந்து தொனிகள். ‘கா’ என்பதையே பாருங்கள். ‘முட்டை க’ என்று பிள்ளைகள் சொல்லும் எழுத்தில் குறியில்லாமல் எழுதினால் தொனி கீழிருந்து ஏறும்: கால் என்று பொருள். மேலே ‘மாய் ஏக்’ குறி இட்டால் தாழ்ந்த தொனி: பேரரத்தை. அதே குறியை ‘எருமை க’ மேல் இட்டால் தொனி மேலிருந்து விழும்: மதிப்பு. குறி ஒன்று, தொனி இரண்டு. காரணம், தொனிக்காக மெய்யெழுத்துகள் உயர், நடு, தாழ் என்று மூன்று வகுப்பாகப் பிரிந்திருக்கின்றன: முட்டை உயர் வகுப்பு, எருமை தாழ் வகுப்பு. நடு வகுப்பு 9, உயர் வகுப்பு 11. இந்த இருபதை மட்டும் உருப்போட்டால் மிச்சம் 24-ம் தாழ் வகுப்பு. ரோமன் எழுத்தில் கற்பவர்கள் இந்த அடித்தளத்தையே இழக்கிறார்கள்.

தமிழருக்கே உரிய தவறும் ஒன்று உண்டு. காய்கறிக்கு ‘பக்’, நாம் பழக்கத்தில் ‘பக்கு’ என்போம். அங்கே இறுதி க், த், ப் வாயை மூடியதும் நின்றுவிட வேண்டும். உகரம் சேர்த்தால் ஓர் அசை கூடி, கேட்பவர் வேறு சொல்லைத் தேடுவார்.

மரியாதை விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். தாய்லாந்தில் பேசுபவர் ஆண் என்றால் வாக்கிய இறுதியில் ‘க்ரப்’, பெண் என்றால் ‘கா’. அம்ஹாரிக்கில் கேட்பவரைப் பார்க்க வேண்டும்: நலமா என்று ஆணிடம் ‘தெஹ்னா நெஹ்’, பெண்ணிடம் ‘தெஹ்னா நெஷ்’. நம் ‘நீ’க்கு ஆண்பால் பெண்பால் கிடையாது என்பதால் இங்கே அடிக்கடி வழுக்கும். பெரியவர்களுக்கு ‘எர்ஸ்வோ’ என்று தனிச் சொல்லே உண்டு, நம் ‘நீங்கள்’ போல.

எண்கள் கற்றதும் கடிகாரத்தையும் கற்றுவிடுங்கள். எத்தியோப்பியாவில் காலை 7 மணிதான் ஒரு மணி. ‘இரண்டு மணிக்கு வா’ என்றால் பகலில் அது காலை 8. தாய்லாந்திலும் பேச்சுவழக்கில் இரவு 7 மணி ஒன்று, 8 மணி இரண்டு என்று போய் 11 மணி ஐந்தாகிறது. ஆண்டு இன்னொரு குழப்பம்: நம் 2025 அக்டோபர், பாங்காக்கில் 2568, அடிஸ் அபாபாவில் 2018.