ஏசி ஓடட்டும், வேகம் குறையட்டும்

கேள்வி: மின்சார கார் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. சென்னைக்குள் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) நன்றாகவே கிடைக்கிறது. திருச்சிக்குப் போகும்போதுதான் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. ஈகோ மோடில்தான் 100, 110-ல் போகிறேன். ஏசியை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வீட்டாரை வியர்க்க விட்டு நீங்கள் மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான். உள்ளே குளிர்ந்த பிறகு ஏசிக்குச் சுமார் 1 கிலோவாட் போதும், 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காருக்கோ 15 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். ஏசிக்குப் பதில் கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து அந்த மிச்சத்தையும் தின்றுவிடும்.

பெட்ரோல் காரில் ஊருக்குள் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும். மின்சார காரில் இது தலைகீழ். சிக்னலில் நிற்கும்போது மோட்டாருக்குச் செலவில்லை; வேகத்தைக் குறைக்கும்போது ரீஜென், அதாவது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு, சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பித் தருகிறது. நாற்கரச் சாலையில் அந்த வரவு அற்பம், காற்றைக் கிழித்துப் போகும் செலவுதான் பெரிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80-லிருந்து 110-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈகோ மோட் முக்கியமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் பாய்வதைத்தான் அடக்கும். 110-ல் சீராகப் போகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இன்னொன்று, ரேஞ்சைக் கணக்கிடும் இந்தியச் சோதனை முறையில் உச்ச வேகமே 90தான்; 110-ல் போகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்த முறை 85-ல் போய்ப் பாருங்கள். 100-ல் போவதைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு மிச்சமாகும். 300 கி.மீ.க்கு அரை மணி நேரம் கூடுதலாகும், உண்மைதான். வழியில் ஒரு சார்ஜிங் நிறுத்தம் தவிர்ந்தால் அந்த நேரம் கையில் நிற்கும்.

காரை விருட்டென்று எடுப்பதைக் குறை சொல்வார்கள். அதைவிட நஷ்டம், எடுத்த வேகத்தை அடுத்த லாரிக்குப் பின்னால் பிரேக்கில் கொட்டுவது. 1,500 கிலோ கார் 100-லிருந்து நின்றால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கான சக்தி கைமாறுகிறது. ரீஜென் அதை முழுதாக மீட்காது. திடீர் பிரேக் என்றால் பெரும்பகுதி பிரேக் பேடில் சூடாகிப் போகும். அதனால் டோல்கேட் கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிடுங்கள். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது ரீஜென் சரியாக வேலை செய்யாது என்பதால், கிளம்பிய முதல் சில கிலோமீட்டருக்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.